அலமாரிக் கதவில் எண்பத்தெட்டு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி அக்கா என்றுதான் பேர். நாள் முழுக்க நின்றபடியே முந்நூறு படுக்கை விரிப்பைத் தேய்த்துத் தள்ளுகிறவள், விடிவதற்குள் எழுந்து ஓடவும் போகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? ஓடுகிறாளே ஐயா, பதினோரு வருஷமாக ஓடுகிறாள்! வயசு நாற்பத்தாறு. வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அது இன்னும் கைக்கு எட்டவில்லை.

ஓடி முடித்த நேரத்தை வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதிவைப்பாள். முதல் வருஷம் எண்பத்திரண்டு நிமிஷம். படிப்படியாகக் குறைந்து ஒரு வருஷம் அறுபது நிமிஷம், ஏழு விநாடி. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருஷமே முழங்கால் மக்கர் பண்ணி எண்பத்தெட்டு. எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் கடைசி ஆளாக வந்து நின்றாள். அதையும் எழுதினாள். அப்புறம் எழுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று தேறி, போன வருஷம் மறுபடி அறுபத்தெட்டு.

பள்ளி வேன் ஓட்டும் அவள் புருஷன் தங்கமான மனுஷன். அதுதான் வம்பு. ஆறு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் சோர்ந்துபோய், "இனிமே எதுக்குங்க இந்த ஓட்டமெல்லாம்" என்று சொல்லிவிட்டாள். மனசு கேட்காமல், மோசமான நேரங்களை எல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டார் மனுஷன். நல்லது நாலு மட்டும் மிஞ்சியது.

கதவைத் திறந்தவளுக்கு வந்ததே கோபம்!

"யாரைக் கேட்டுத் துடைச்சீங்க?"

"பார்க்கிறப்பெல்லாம் உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதாம்மா..."

"எண்பத்தெட்டு ஓடின காலுதாங்க மறு வருஷம் எழுபத்தொண்ணு ஓடுச்சு. அதைப் பார்த்துத்தானே நான் காலையில எந்திரிக்கிறதே!"

அத்தனையையும் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினாள். மறுநாள் அஞ்சு மணிக்கே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் ஒருநாள் தவறவில்லை.

இந்த வருஷ ஓட்டமும் வந்தது. அங்கே முதல் மூன்று பேருக்குத்தான் நேரம் குறிப்பார்கள். மற்றவர்களுக்கு அவரவர் வீட்டு ஆள்தான் கதி. வேன்காரர் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றார். கடைசித் திருப்பத்தில் அவள் தலை தெரிந்ததும், "வா, வா, விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, கோட்டைத் தாண்டி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவுங்க?"

அவர் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சில் அறுபது நிமிஷம், மூன்று விநாடி. பாழாய்ப்போன மூன்று விநாடி! ஐம்பத்தொன்பது என்று சொன்னால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? பொய் அவர் வாய்வரை வந்துவிட்டது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபது... மூணு விநாடிம்மா."

அவள் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடே சிரித்தாள். "ஏழு விநாடி மூணாச்சே! நீங்க எங்கே பொய் சொல்லிடுவீங்களோன்னுதான் பயந்துட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அவரே சாக்பீஸை எடுத்துக் கதவில் எழுதினார். பின்னால் நின்று பார்த்தவள் சொன்னாள்:

"அந்த மூணை நல்லா பெரிசா எழுதுங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு அதுதான் என்னை எழுப்பணும்."