தோற்றுச் சிரித்தவர்

புதுச்சத்திரத்தில் பஞ்சர் ஒட்ட நின்ற, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் டிரைவர் அவர். போர் போட்ட கல்மாவு புருவத்தில் வெள்ளையாக அப்பியிருந்தது. நான் உருவாக்கிய மல்யுத்தப் பகடை விளையாட்டை ஆடிய நண்பர்கள் எல்லாம் கொட்டாவி விட்டதால், அதைத் தூக்கிப்போடும் எண்ணத்தில் இருந்தேன். டீக்கடை பெஞ்சில் அவர் ஆட ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு உருட்டலும் ஒரு மல்யுத்தப் பிடி; விழும் எண்தான் புள்ளி. ஒவ்வொரு முறையும் பகடையை லுங்கியில் துடைத்துவிட்டே உருட்டினார்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தார். முகம் மலரவில்லை.

"ஏனுங்க, பகடைதான ஜெயிச்சுது? புடிய உட்டுப்போட்டு எந்திரிக்கறயான்னு என்னையுங் கேக்கோணுமில்லீங்க?"

சுருக்கென்றது. ஆனாலும் அங்கேயே விதியை மாற்றினேன். பிடியை விட்டு விலகினால் எடுத்த புள்ளி தங்கும். விடாமல் உருட்டி ஒன்று விழுந்தால் எல்லாம் போய்விடும்.

அடுத்த ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் அவர்தான் முன்னால் இருந்தார். விலகியிருந்தாலே ஜெயித்திருப்பார். யோசித்தார், துடைத்தார், உருட்டினார். ஒன்று விழுந்தது.

கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"இது நானாத் தோத்ததுங்க!"

பெயரைக் கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. இன்று அந்த விளையாட்டு பல வீடுகளில் இருக்கிறது. அதில் தோற்ற யாராவது சிரித்தால், அந்த வெள்ளைப் புருவத்துக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.