பன்னிரண்டுக்குப் பிறகு ஆறு

எங்கள் முதியோர் இல்லத்தில் அவளுக்கு அலாரம் என்று பெயர். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போட வேண்டும். தவறினால் எலும்பு அழுத்தும் இடத்தில் தோல் செத்துப் புண்ணாகிவிடும். பத்து மணி என்றால் பத்து மணிக்கு அவள் கட்டிலருகே நிற்பாள், கையில் தலையணையோடு. மேற்பார்வை என் வேலை. அவள் பகுதிக்கு மட்டும் நான் கடிகாரம் பார்த்ததில்லை.

வேலைக்கு வரும் முன்பே அவள் வீட்டில் இதே வேலையைத் தொடங்கிவிட்டாள். அம்மாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூன்று வருடம் இரண்டு மாதம் கிடந்து போய்ச் சேர்ந்தார். ஒரு புண்கூட வரவில்லை. அலாரத்துக்குக் கல்யாணம் இல்லை, சொத்து இல்லை, பட்டம் இல்லை. புண் வரவில்லை என்ற அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே அதைச் சொல்லிவிடுவாள்.

தங்கை ஒருத்தி உண்டு, ஒன்பது வயது இளையவள், வீட்டில் சின்னு. வாதம் வந்த பிறகு அம்மாவின் வாயில் மிஞ்சியது நாலைந்து சொற்கள். அதில் ஒன்று சின்னு. யார் வந்து திருப்பிப் போட்டாலும், "சின்னு, தண்ணி" என்பார். அலாரம் தண்ணீர் கொடுப்பாள். "நான் சின்னு இல்லம்மா, பெரியவ" என்று முதல் வருடம் திருத்தினாளாம். அப்புறம் விட்டுவிட்டாள்.

அந்தச் சின்னு பாடகியானாள். தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஆண்பிள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, மேடையில் நட்ட கம்பம்போல் நிற்பாள். சிரிக்க மாட்டாள். போஸ்ட்-பங்க் என்று ஒரு வகை மேல்நாட்டு இசையாம். கிடார் தகரத்தைச் சுரண்டும், டிரம் ஒரே அடியை அடித்துக்கொண்டே இருக்கும், பாட்டு பாட்டாக இருக்காது, அதட்டலாக இருக்கும். போன வருடம் அவள் குழு ஒரு பாட்டை வெளியிட்டது. மொத்தப் பாட்டும் இவ்வளவுதான்: "எட்டு மணி, இடப்பக்கம். பத்து மணி, மல்லாக்க. பன்னிரண்டு மணி, வலப்பக்கம்." ஆறு நிமிடம், திரும்பத் திரும்ப.

இல்லத்துப் படுக்கைக் கூடத்தில் யாரோ அதைப் போனில் போட்டார்கள். பேருந்தில் நடத்துனராக இருந்து இப்போது இடுப்பு ஒடிந்து எங்களிடம் கிடக்கும் பெரியவர், "இது பாட்டாம்மா? கியர் விழாத வண்டி மாதிரி இருக்கு" என்றார். ஆனால் அவர் விரல் கட்டில் கம்பியில் தாளம் போட்டது.

அலாரத்துக்கு முகம் செத்துப்போனது. "அது என் நோட்டு மேடம்" என்றாள். "அம்மா தலைமாட்டுல தொங்கிச்சே, நான் எழுதி வெச்ச நோட்டு. அப்படியே எடுத்து பாடியிருக்கா."

அதோடு விட்டிருக்கலாம். பாட்டின் கீழே கேட்டவர்கள் எழுதுவதைப் படிக்கத் தொடங்கினாள். ஒருவர் இது சிறைக் கைதியின் பாட்டு என்றார். ஒருவர் ஆலைத் தொழிலாளியின் ஷிப்ட் என்றார். இன்னொருவர், காதலன் பிரிந்தபின் தூக்கம் வராமல் புரள்கிறாள் என்று நீளமாக விளக்கினார். அலாரம் விரிப்பு மடித்துக்கொண்டே, "காதலனாம், மண்ணாங்கட்டி" என்பாள். அந்த அளவில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு பேட்டியில் சின்னு வாய் திறந்தாள். "எங்கம்மாவைத் திருப்பிப் படுக்க வெச்ச நேரம் அது. வேற ஒண்ணுமில்ல" என்றாள். அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. சனம் உருகிவிட்டது. மகள் என்றால் இவள். சிரிக்காத முகத்துக்குக் காரணம் இப்போது புரிகிறது. இந்தத் தாய் என்ன தவம் செய்தாளோ.

"சிரிக்க மாட்டாளாம்! வீட்டுல முப்பத்திரண்டையும் காட்டிக்கிட்டு திரிவா. தூங்கும்போதுகூட பல்லு தெரியும்" என்றாள் அலாரம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வாரம் ஒரு நாள் பெரியவரைத் திருப்பக் கால் மணி தாமதம் ஆனது. "அலாரம் பேட்டரி தீந்துபோச்சா?" என்றார் அவர். அவள் கையில் போன் இருந்தது. நான் போனைப் பூட்டிவைக்கச் சொன்னேன்.

அவள் போனை வெளியே எடுத்தது ஒரு திங்கட்கிழமை, மதிய ஓய்வில். பழைய நோட்டில் மூன்று பக்கத்தைப் படம் எடுத்துப் பாட்டின் கீழே போட்டுவிட்டாள்: காலைப் பக்கம், மாலைப் பக்கம், ராத்திரிப் பக்கம். எத்தனை மணிக்கு எந்தப் பக்கமாகப் படுக்கை, தோல் எப்படி, கையெழுத்து. கீழே ஒரு வரி: "இதை எழுதினதும் செஞ்சதும் நான். அவளுடைய அக்கா."

ஒரு நாள் முழுக்க அவளுக்குத் திருவிழா. பாடகி பொய்க்காரி என்றார்கள். அடுத்தவள் உழைப்பில் பேர் வாங்கியவள் என்றார்கள். அலாரம் நடக்கும்போது செருப்புச் சத்தம்கூட மாறியிருந்தது.

புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்கு விரிப்பு அறைக்கு வந்தாள். போனை நீட்டினாள். படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி எழுதியிருந்தாள்: "காலைப் பக்கம் பன்னிரண்டோட முடியுது. மாலைப் பக்கம் ஆறுல தொடங்குது. ஆறு மணி நேரம் அந்தம்மாவை ஒரே பக்கமா போட்டு வெச்சிருந்தீங்களா?" அதன் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. வீட்டில் பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள், எல்லாரும் நம் தொழில்காரர்கள். புண்ணில் இடுப்பு எலும்பு தெரிந்திருக்கும் என்று ஒருவர். இதுக்கு நோட்டு வேறயா என்று ஒருவர்.

"நான் புண்ணு வர விட்டேங்கறாங்க மேடம்."

"மத்தியானப் பக்கம் எங்க?"

என் கையிலிருந்த போனை வாங்கி விரிப்பு அடுக்கின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா இருந்தப்பவே நீ இங்க அரை நாள் வேலைக்கு வந்தே, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும். ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் யார் திருப்பினது?"

"அவதான்."

"அப்ப அந்தப் பக்கத்தையும் போடு."

"போட்டா, அவளும் பாத்துக்கிட்டானு ஆயிடும்."

"பாத்துக்கிட்டாளா, இல்லையா?"

விரிப்பு ஒன்றை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ரெண்டு மணிக்குன்னா ரெண்டேகாலுக்குத்தான் செய்வா."

"சரியா செய்வாளா?"

"முட்டிக்கு நடுவுல தலையணை வெக்க மறக்க மாட்டா." யாரோ அவள் வாயிலிருந்து பிடுங்கியதுபோல் வந்தது அது. "ஒரு நாளும் மறந்ததில்ல. ஆனா மூணு வருஷமா எல்லா நேரமும் அம்மா கூப்பிட்டது அவ பேரைத்தான் மேடம். இப்ப ஊரும் அவ பேரையே சொல்லுது."

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது, பெரியவரைத் திருப்ப வேண்டும். அதை மட்டும் நினைவுபடுத்தினேன்.

பெரியவரைத் திருப்பிவிட்டு வந்தாள். நின்றபடியே மத்தியானப் பக்கத்தைப் போட்டாள். கீழே எழுதினாள்: "ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் என் தங்கச்சி திருப்பினா. கடைசி வரைக்கும் எங்கம்மாவுக்கு ஒரு புண்ணும் வரல." எழுதி முடிக்க அவளுக்கு நெடுநேரம் ஆனது. ஒரு மருந்து விழுங்கும் முகம்.

கூட்டம் அடங்கியது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் மன்னிப்புக் கேட்டாள். தங்கையிடமிருந்து போன் வந்தது. "அந்தப் பேட்டில உன்னைச் சொல்லாம விட்டது தப்புக்கா" என்றாளாம். "தப்புத்தான்" என்று சொல்லி இவள் வைத்துவிட்டாளாம்.

ஆனால் சங்கதி அதோடு முடியவில்லை. பாடகியின் ரசிகர்கள் மத்தியானப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அவள் கையெழுத்தாம், கலையாம். அதற்கு மட்டும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் இதயக் குறி விழுந்தது. இவளுடைய மூன்று பக்கத்துக்கும் சேர்த்து அதில் பாதிகூட இல்லை.

"கோழி கிளறின மாதிரி எழுத்து மேடம்" என்று எரிந்து விழுந்தாள். "இதைப் போய் சட்டைல அச்சடிக்கணும்ங்கறாங்க."

அந்த அப்பாவின் மகள் மறுபடி எழுதியிருந்தாள். குதிகால் சிவந்திருக்கிறது, தேய்த்துவிடலாமா என்று. அலாரம் உடனே பதில் போட்டாள்: தேய்க்கவே கூடாது, கெண்டைக்கால் அடியில் தலையணை வை, குதிகால் எதிலும் படாமல் தொங்கட்டும், நாளைக்கும் சிவப்பு போகலைன்னா டாக்டர்கிட்ட காட்டு.

அந்தப் பதிலுக்கு இரண்டு இதயம். மத்தியானப் பக்கம் அன்றைக்கு ஒன்பதாயிரத்து நூற்றுப் பதினாறு. இரண்டு கணக்கையும் நான் கேட்காமலே எனக்குச் சொன்னாள்.