மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசிய களிம்பு

பிள்ளைகளே, நீங்கள் இப்போது அழகு நிலையம் என்கிற இடங்களுக்குப் போய் ஆளுக்கொரு சின்ன டப்பா வாங்கி வருகிறீர்கள். என்ன விலை என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நான் மூடியைத் திறந்து மோந்து பார்த்தால், "நைனாவுக்கு எது மேலயும் சந்தேகந்தான்" என்கிறீர்கள். சந்தேகந்தான். அது எனக்கு எங்கே வந்தது என்று எழுதிவைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது, கோர்வையாக இருக்காது.

அப்போது நான் உத்திரமேரூரில் ஒரு அரிசி மில்லில் மேஸ்திரி. வருகிற நெல்லைப் பார்த்து எடுப்பது என் வேலை. மூட்டையின் வாயில் இருக்கிற நெல்லை யாரும் நம்ப மாட்டார்கள். குத்தூசியை அடியில் செருகி எடுத்து, ரெண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. அந்தப் பழக்கம் மில்லோடு நிற்கவில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் அடியில் இருப்பதைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

உங்களில் சின்னவன் பிறந்த பிறகு அம்மாவுக்கு ரெண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. புகை படிந்தாற்போல ஒரு கறுப்பு. எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் ஒரு காதுகுத்துக்குப் போன இடத்தில் அவள் சித்தி ஒருத்தி, பந்தியில் அத்தனை பேருக்கு நடுவில், "இன்னாடி, அடுப்புக்குள்ள மூஞ்சிய உட்டுக்கினியா?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அதிலிருந்து உங்கள் அம்மா விசேஷங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரே தம்பி. தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவான். மற்ற ரெண்டு முடிச்சையும் அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. அந்த நேரத்தில் பந்தலில் இருக்கிற அத்தனை கண்ணும் அங்கேதான் இருக்கும். போட்டோ பிடிக்கிற ஆளுக்கும் சொல்லியிருந்தார்கள்.

"இந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் மணைகிட்ட வந்து நிக்க மாட்டேன்" என்றாள் உங்கள் அம்மா. "பெரியப்பா பொண்ணு கீறா இல்ல, அவ போடட்டும்."

நானும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். பஜாரில் இருந்த சலூனில் மெட்ராஸிலிருந்து ஒரு களிம்பு வந்திருக்கிறதாம். பூக்காரம்மா சொன்னாளாம். பத்து நாள் பூசினால் மங்கு போய்விடுமாம். சலூனுக்குள் பொம்பிளைகள் போகிற வழக்கம் கிடையாது. அதனால் நான் போய் வாங்கி வர வேண்டும்.

நான் வாராவாரம் முகம் மழித்துக்கொள்கிற சலூன்தான் அது. கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் ஜாடி ஒன்று இருந்தது. அதன்மேல் ஊர் பேரும் இல்லை, கம்பெனி பேரும் இல்லை. சலூன்காரரிடம் விலையைக் கேட்டேன். அந்த விலைக்கு ஒரு நல்ல நூல் புடவையே எடுத்துவிடலாம்.

"இதுல இன்னாப்பா கீது?"

"அதெல்லாம் நமக்குத் தெரியாது மேஸ்திரி. மெட்ராஸ்ல சினிமாக்காரங்க பூசறது. உக்காருங்க, காட்டறேன்."

மழித்து முடித்து வலது கன்னத்தில் களிம்பைப் பூசித் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். வலது கன்னம் வெளுப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் வாசல் அந்தப் பக்கம். வெயில் நேராக அந்தக் கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது. நாற்காலியைத் திருப்பி, கைக்கண்ணாடியைக் கொடு என்றேன். திருப்பிப் பார்த்தால் இப்போது இடது கன்னம் வெளுப்பாக இருந்தது.

"மேஸ்திரி, ஒரே நாள்ல தெரியுமா? இன்னா நீங்க, மூஞ்சியவும் நெல்லு மாதிரி கடிச்சிப் பாப்பீங்க போலகீதே" என்றார். பக்கத்தில் காத்திருந்தவர் கெக்கெக்கே என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். களிம்பு ஜாடியைத் திறப்பதற்கு முன்னால் அவர் விரலில் இருந்த தங்க மோதிரத்தைக் கழற்றி, சீப்பு வைக்கிற தட்டில் போட்டிருந்தார். மழிக்கும்போது கழற்றவில்லை. சோப்பு நுரையில் கை வைத்தபோதும் கழற்றவில்லை.

"அத ஏன் கழட்டனே?"

கொஞ்சமும் மறைக்காமல் சொன்னார்: "அது தங்கத்தக் கெடுக்கும் மேஸ்திரி. மூஞ்சிய ஒண்ணும் பண்ணாது."

அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. தெரிந்ததைச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நெல்லுக்கு மாதிரி வாங்குவதுபோலக் கொஞ்சம் மாதிரி கொடு என்று கேட்டு, ஒரு வெற்றிலையில் வழித்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வந்து விஷயத்தைச் சொன்னதும் உங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாங்க மன்சு இல்லன்னு சொல்லிட்டுப் போங்க. பாவம், அந்த ஆளு மோதரத்து மேல இன்னாத்துக்குப் பழி போடறீங்க?"

"நீயே பாத்துக்க" என்று வெற்றிலையை நீட்டினேன்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு கம்மலைக் கழற்றி, அதன் திருகாணியை எடுத்துக் களிம்பில் புதைத்து வெற்றிலையை மடித்து மாடத்தில் வைத்தாள்.

காலையில் பிரித்துப் பார்த்தோம். திருகாணி ஈயம் பூசினாற்போல வெளுத்திருந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள், தேய்த்தாள். வெளுப்பு போகவில்லை.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவள் திருகாணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாத்தீங்களா? தங்கத்தையே வெளுக்க வெக்கிது! என் மூஞ்சிய வெளுக்க வெக்காதா? நல்ல மருந்துதாங்க. இன்னிக்கே போயி வாங்கினு வாங்க."

கெடுக்கிறது என்று காட்டத்தான் அதை எடுத்து வந்தேன். வேலை செய்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்ததுதான் கஷ்டம். வெளுத்தது வெளுத்ததுதானே. "இந்தா பாரு, வேர்வையில அது கழுத்துக்கு எறங்காதா? கழுத்துல கீறதும் தங்கந்தானே?" என்றேன்.

அவள் கை தானாகத் தாலிக்குப் போனது. மோதிரத்தைக் கழற்றலாம், கம்மலைக் கழற்றலாம். அதைக் கழற்றி வைத்துவிட்டு முகத்துக்குப் பூச முடியுமா? திருகாணியை மாடத்தில் போட்டாள்.

"வேணாம். வாங்காதீங்க" என்றாள். அப்புறம், "ஆனா நான் முடிச்சிப் போட மாட்டேன். அதுக்கு என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது" என்றாள்.

களிம்பை வேண்டாம் என்று சொல்ல வைத்தேனே தவிர, அதற்குப் பதிலாக அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் அதுதான் என்னை அரித்தது. ஒருவேளை நல்ல சரக்கைத்தான் தட்டிக் கழித்துவிட்டேனோ என்றுகூட இருந்தது.

கல்யாணம் திருப்புலிவனத்தில், பெண் வீட்டில். உங்கள் அம்மா பந்தலின் கடைசியில், தண்ணீர் அண்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். முடிச்சு போட அவள் பெரியப்பா மகள் பட்டுப் புடவையில் தயாராக இருந்தாள். மேளம் கொட்டியது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டான். பெரியப்பா மகள் கையை நீட்டினாள். அவன் கயிற்றை விடவில்லை.

"எங்கக்கா எங்க?"

"நான் போட்டா இன்னாடா?" என்றாள் அவள்.

"எங்கக்கா வரட்டும்." கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்க முடியாமல் தவித்தது. மேளக்காரர்கள் நிறுத்தவும் முடியாமல் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். "யக்கா! கை வலிக்கிது, சீக்கிரம் வா. முடிச்சி அவுந்துடப் போவுது!" என்று கத்தினான்.

அவ்வளவுதான். முடிச்சு அவிழும் என்றதும் அவள் அண்டாவைத் தாண்டி ஓடி வந்தாள். இறுக்கிப் போட்டாள். நினைத்தபடியே அந்தச் சித்தி ஆரம்பித்தாள்: "இன்னாடி, மூஞ்சி இன்னும் அப்பிடியே கீது?"

உங்கள் அம்மா குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டே, "மூஞ்சி அப்பிடியேதான் கீது சித்தி, உன் வாயி மாதிரி" என்றாள். இந்தத் தடவை சிரிப்பு அந்தப் பக்கம் போனது.

அந்தக் களிம்பில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பூசினால் மங்கு போயிருக்குமோ, முகமே போயிருக்குமோ, அதுவும் தெரியாது. தெரியாத ஒன்றை அந்த விலைக்கு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பிய வாரம், முகம் மழிக்கிற நாளில் பஜாருக்குப் போனேன். சலூன் திறந்திருந்தது. அவர் என்னைப் பார்த்து நாற்காலியைத் துண்டால் தட்டினார். கண்ணாடிக்குக் கீழே அந்த ஜாடி அப்படியே இருந்தது; அதில் விட்ட விரல் என் முகத்தில் படுவதற்கு மனசு வரவில்லை. "வேலை கீது" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கிற இடத்துக் கடையில் ஒரு ரேசரும் பிளேடும் வாங்கிக்கொண்டேன். நீங்கள் எல்லாரும் தூங்கி எழுவதற்கு முன் கிணற்றடிக்குப் போய், வாளித் தண்ணீரில் முகம் பார்த்து, எனக்கு நானே முதல் தடவையாக மழித்துக்கொண்டேன். தாடையில் ஒரு வெட்டு விழுந்தது. படிகாரத்தை வைத்து அழுத்தி, ரத்தம் நிற்கிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.