ஆவாரங்கொத்துக்கு அடியில் ஒரு காளான்

புரட்டாசிச் சனிக்கிழமை துறையூர் பஸ்ஸில் ஏற முழங்கைக்குப் பலம் வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரி நான், மாம்பழச்சாலையிலேயே ஏறியிருக்கலாம். உட்கார இடம் கிடைக்குமென்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு, காலை ஆறு மணிக்கெல்லாம் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அங்கேயும் கம்பிதான் கிடைத்தது.

"திருவெள்ளறைப் பெருமாளைச் சேவிக்கவாம்மா?" என்றார், துளசி மாலையோடு உட்கார்ந்திருந்த ஒரு மாமி.

"இல்ல மாமி. அதுக்கு மேல மலையடிவாரக் காட்டுல காளான் படம் எடுக்கப் போறேன்."

"நாய்க்குடையையா? புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமா? நன்னாருக்கு!" என்று கேமரா பையை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் திருவெள்ளறையில் இறங்கும்போது, வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி என் கையைப் பிடித்துத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனார்.

உட்கார்ந்ததும் நினைப்பெல்லாம் அவர்மேல் போய்விட்டது. அவர் என்றால் என் வீட்டுக்காரர். சிங்கப்பூரில் ஒரு பூங்காவில் தோட்ட வேலை. நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவள். அவர் ஊரைவிட்டுப் போன பாஸ்போர்ட்டில் இருப்பதும் நான் எடுத்த படம்தான். அங்கே மரத்தடியில் முளைக்கிற காளானையெல்லாம் படம்பிடித்து அனுப்புவார். ஆரஞ்சு, ஊதா, சல்லடை போல வலை கட்டியது என்று விதவிதமாக வரும். "நம்ம ஊரு புத்துக்காளான் மண்ணோட நிக்கிற படம் ஒண்ணே ஒண்ணு அனுப்பேன்" என்பார். மூன்று மழைக்காலமாகக் கேட்கிறார். இந்த வாரம் வேறொன்றும் கேட்டார்: இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா? உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு அழுதேன்.

துறையூரில் இறங்கி டீ குடித்தேன், பதினைந்து ரூபாய், வெந்நீர். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி இருநூறுக்குப் பச்சைமலை அடிவாரம் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் மக்காச்சோளம், சின்ன வெங்காயம். முந்தின நாள் இடியோடு பெய்த மழைக்கு மண் இன்னும் வாசமடித்தது.

அஞ்சலை அங்கே மக்காச்சோளம் போட்டிருப்பவர். கோயிலுக்கு வந்தபோது எங்கள் ஸ்டூடியோவில் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு, "இடி இடிச்ச மறுநா வாங்கக்கா, காளான் காட்டுறேன்" என்று நம்பர் கொடுத்திருந்தார். முந்தின நாள் இடி இடித்ததும் போன் பண்ணிக் கூப்பிட்டார். என்னைக் கண்டதும் ஓடிப்போய் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். அதில் வட்டமாக அடுக்கிய காளான். ஒரு பொட்டு மண் இல்லை.

"மஞ்சத்தண்ணியில அலசி வெச்சிருக்கேன்கா. படத்துல பளிச்சுன்னு வரணும்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இதற்கா இவ்வளவு தூரம்! ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல? "மண்ணுல நிக்கறதத்தான் எடுக்கணும் அஞ்சலை" என்றேன்.

"அய்யய்யோ! புரட்டாசியாச்சே, வீட்டுக்கு வீடு கறிக்குப் பதிலு இதத்தான் தேடுறாங்க. பொழுது விடியறதுக்குள்ள காட்டையே சலிச்சிட்டாங்களே." தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இருங்க. நேத்து ஒரு மொட்டுக்குக் கொத்து வெச்சிட்டு வந்தேன்."

கொத்து என்றால் ஆவாரங்கொத்து. காளான் மொட்டாக இருந்தால், கண்டவர் அதன்மேல் ஓர் ஆவாரங்கொத்தை ஒடித்துப் போட்டுவிட்டு வருவார். அப்புறம் அதை யாரும் தொட மாட்டார்களாம்.

"பூட்டு சாவி கிடையாதா?" என்று சிரித்தேன்.

"ஆளு வருவாங்கன்னு தெரிஞ்ச பொருளுக்கு எதுக்குக்கா பூட்டு?"

உசிலை மரங்களுக்கு நடுவே, ஈர முள்ளில் புடவையைக் கிழித்துக்கொண்டு போனோம். சுற்றியிருந்த புற்றுகளிலெல்லாம் பிடுங்கிய குழிகள்தான். கடைசிப் புற்றின் ஓரத்தில் மஞ்சள் பூவோடு ஒரு கொத்து கிடந்தது. அஞ்சலை அதைத் தூக்கினார். அடியில், உச்சியில் கொஞ்சம் சாம்பல் பூத்த வெள்ளைக் குடை, அப்போதுதான் விரிந்திருந்தது. தலையில் அப்பிய செம்மண்கூட உதிரவில்லை. ஈரத்தரையில் குப்புறப் படுத்து எடுத்தேன். எடுக்க எடுக்க, இதை அவர் பார்க்க வேண்டுமே, என் பக்கத்தில் இப்படியே படுத்துக்கொண்டு பார்க்க வேண்டுமே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை பிடுங்கக் கையை நீட்டினார். வேண்டாம் என்றேன். வேடிக்கையாகப் பார்த்தவர், மறுபடியும் கொத்தால் மூடினார். அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். "அடுத்த புரட்டாசிக்கும் இதே புத்துல வரும்கா. அது எங்கயும் போயிடாது" என்றார். தாம்பாளத்துக் காளானைக் குழம்பு வைத்து, இரண்டு தரம் சோறு போட்டுத்தான் விட்டார். ருசியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

திரும்பும் பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது, தூரத்தில் ராஜகோபுரம் தெரிந்தது. போன் சிணுங்கியது. "கிடைச்சுதா?" என்று அவர் கேட்டிருந்தார்.

வெள்ளைக்குடைப் படத்தைத் தேடி எடுத்தேன். இதையும் அனுப்பிவிட்டால், படத்திலேயே ஆசை தீர்ந்து அங்கேயே இருந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. ஆவாரங்கொத்துப் படத்தை மட்டும் அனுப்பினேன்.

"காளான் எங்கே?"

"அடியில இருக்கு. உங்களுக்குன்னு கொத்து வெச்சிருக்கு. வந்து நீங்களே தூக்கிப் பாருங்க."

மாம்பழச்சாலையில் இறங்கும்போது பதில் வந்தது: "அது அதுவரைக்கும் இருக்குமா?"

"புத்து காத்திருக்குமாம், அஞ்சலை சொல்றாங்க" என்று எழுதினேன். "என்னால முடியல. கையெழுத்துப் போடாதீங்க."