டிரைவர் முன்னால்தான் உட்காருவார்

கயாக் என்கிற துடுப்புப் படகை ஆற்றில் இறக்க ஐந்து நிமிடம் போதும். அதில் சொந்தக்காரர்களை ஏற்றத்தான் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆகிறது. பொழுதுபோக்கு என்று சொல்லிக் குடும்பத்தை வெளியே கிளப்பிப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்பதால், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான் சேலத்தில் ஒரு நாளிதழில் விபத்து, ஏலம், ஆட்சியர் ஆய்வு என்று எழுதியே ஓய்வு பெற்றவன். மேட்டூரில் அரசு வேலையில் இருக்கும் மைத்துனர் துரைராஜ், உடம்புக்கு நல்லது என்று சொல்லி ஆளுக்கொரு கயாக் வாங்க வைத்தார். நீளமான, குறுகலான பிளாஸ்டிக் படகு. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் உட்கார்ந்து, இரு முனையும் தட்டையாக உள்ள துடுப்பை இடமும் வலமுமாகப் போட வேண்டும். பூலாம்பட்டியில் கதவணை தேக்கி வைத்திருக்கும் காவிரி ஏரி மாதிரி நிற்கும். எங்கள் வீரத்துக்கு அது போதும் என்று அங்கேயே இறங்கினோம்.

கயிறு

முதல் நாள் கார் கூரையில் இரண்டு கயாக்குகளையும் பட்டை பட்டையான புது நாடாவால் கட்டிக்கொண்டு கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பக்கத்தில் ஒரு காலி லாரி ஷெட். அதிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து வந்தார். படகு என்ன, எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள், இவர் கேட்கவில்லை. காரைச் சுற்றி வந்து நாடாவின் ஒவ்வொரு முடிச்சையும் விரலால் சுண்டிப் பார்த்தார். பெயர் பழனிசாமி. ஆயுள் முழுக்க நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர், பிறகு சொந்தமாக ஒன்று வைத்திருந்தவர். இரண்டு வருடம் முன்பு கண் அழுத்த நோயில் பக்கப் பார்வை போய்விட்டது. நேரே இருப்பது தெரியும், ஓரத்தில் வருவது தெரியாது. பக்கத்தில் வந்த பால் வண்டியை உரசிய அன்று சாயங்காலமே லாரியை விற்க ஆள் பார்த்துவிட்டார். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

திரும்பிப் போகும்போது எங்கள் நாடாவை எல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டு ஷெட்டிலிருந்து கயிறு கொண்டு வந்து அவரே கட்டினார். துரைராஜ் நாடாவின் உறுதியைப் பற்றி ஏதோ சொல்லிப் பார்த்தார். பழனிசாமி காலை டயரில் ஊன்றிக் கயிற்றை இழுத்தபடி, "உங்க நாடா நல்லதாவே இருக்கட்டுமுங்க. அது அவுந்துச்சுன்னா பொறகால வர்றவன் என்ன பாவம் பண்ணுனான்?" என்றார்.

எலுமிச்சம்பழம்

அடுத்த வாரத்திலிருந்து படகுகள் அவருடைய ஷெட்டிலேயே தங்கின. அந்த உரிமையில் அவர், பூசை போடாமல் வண்டி கிளம்பக் கூடாது என்று சட்டம் போட்டார். சூடம் காட்டினார், சந்தனம் வைத்தார். எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தபோதுதான் படகுக்குச் சக்கரம் கிடையாது என்பது அவருக்கு உறைத்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, பழத்தைப் படகின் மூக்குக்கு அடியில் வைத்து எங்களைத் தள்ளச் சொன்னார். பழம் நசுங்கவில்லை. வழுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்து, எங்களுக்கு முன்னால் மிதந்து போனது. சகுனம் சரியில்லையோ என்று என் மனைவி விஜயா முகம் சுருங்கினாள். பழனிசாமி சொன்னார்: "பைலட் வண்டி முன்னால போகுதுங்கம்மா. தைரியமா ஏறுங்க."

வட்டம்

இருவர் ஓட்டும் கயாக்கில் ஒரு விதி உண்டு. முன்னால் இருப்பவர் வேகத்தைத் தீர்மானிப்பார். பின்னால் இருப்பவர் அந்த வேகத்துக்கே துடுப்புப் போட்டுப் படகைத் திருப்புவார். அதாவது ஸ்டீயரிங் பின் சீட்டில். துரைராஜ் இதை எங்கள் எல்லோருக்கும் கரையில் நிற்க வைத்து, மணலில் கோடு போட்டு வகுப்பு எடுத்தார். எடுத்து முடித்து, தன் மனைவியை முன்னால் உட்கார வைத்துக் கிளம்பினார். போன வாரம் நடந்த ஒரு கிரகப்பிரவேசத்தில் யார் யாரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்ற பேச்சு நடு ஆற்றில் எழுந்தது. அவர் வலப்பக்கம் மட்டும் போட, அந்த அம்மா இடப்பக்கம் ஒரு துடுப்பு கூடப் போடாமல் திரும்பி உட்கார்ந்து பதில் சொல்ல, படகு ஒரே இடத்தில் நிதானமாகச் சுற்றியது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க, அவங்க எதையாச்சும் தொலைச்சுப் போட்டாங்களா?"

நீலத் தொட்டி

பழனிசாமிக்கு ஒரு பிடிவாதம். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏற மாட்டார். பஸ்ஸில் ஏறினால் கியர் மாற்றும் சத்தம் கேட்டு நெஞ்சு அடைக்கிறது என்பார். மகள் சுமதி எதிர்க்கரையில், நெரிஞ்சிப்பேட்டையில் வீடு கட்டிக் குடிபோனாள். பூலாம்பட்டிக்கும் அதற்கும் நடுவே விசைப்படகு ஓடுகிறது. ஏறி உட்கார்ந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் அக்கரை. அதையும் இன்னொருவர்தான் ஓட்டுகிறார் என்பதால் மனிதர் மகளின் புதுமனைக்கே போகவில்லை. ஷெட் வாசலில் உட்கார்ந்தால், அந்த வீட்டு மொட்டை மாடியிலிருக்கும் நீலத் தண்ணீர்த் தொட்டி நேராகத் தெரியும். அவருக்கு மிச்சமிருந்த பார்வையில் அது சரியாக அடங்கியது. சுமதி போனில் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாள், அப்பாவைக் கேட்பதில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

அவர் மனைவி ராஜாமணி விசைத்தறி ஓட்டியவர். அதிர்ந்து பேசாதவர். ஒருநாள் எங்களுக்கு மோர் கொண்டு வந்த இடத்தில் அவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அந்தத் தொட்டி நெறைஞ்சு வழியறதைக்கூட இவருதானுங்கண்ணா மொதல்ல பாக்கறாரு. பாத்துட்டு என்கிட்டச் சொல்லி, போன் பண்ணச் சொல்லுவாரு."

முன் சீட்டு

ஆகவே, கயாக்கில் வருகிறீர்களா என்று நான் கேட்டது மரியாதைக்குத்தான். அவர் யோசிக்காமல், "நான் ஓட்டறதா இருந்தா ஏறறேன்" என்றார். லைஃப் ஜாக்கெட் மாட்டினோம். காக்கி நிறத்தில் இல்லையா என்று கேட்டுவிட்டு நேராகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தார். லாரியில் டிரைவர் முன்னால், மற்றவர்கள் எங்கேயோ. துரைராஜ் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ராஜாமணி புடவையைச் செருகிக்கொண்டு பின் சீட்டில் ஏறிவிட்டார். துரைராஜ் வாராவாரம் எடுத்த மணல் வகுப்பை அந்த அம்மா மோர்ச் சொம்போடு நின்று பலமுறை கேட்டவர். எங்களில் யாரையும்விட நன்றாகக் கேட்டிருக்கிறார் என்பது படகு கரையை விட்டு அம்பு போல நேராகப் போனபோது தெரிந்தது. திரும்பி வந்ததும், பழனிசாமியிடம் சொல்லிவிடலாமா என்று ராஜாமணியிடம் மெதுவாகக் கேட்டேன். துடுப்பைக் கழுவியபடியே அவர் சொன்னார்: "எதுக்குங்கண்ணா? டிரைவரு முன்னாலதான் உக்காருவாரு. நான் பொறகால சும்மா இருக்கறேன்."

கை காட்டியவர்

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் இருவரும் இறங்கினார்கள். பழனிசாமியின் துடுப்பு ஒரே தாளத்தில் விழும். எவ்வளவு நேரமானாலும் தளராது, பதறாது. மலைப்பாதையில் லோடு ஏற்றிய லாரியை ஒரே கியரில் ஏற்றுகிறவரின் பொறுமை அது. பின்னால் அந்த அம்மா, மீன் வலைகளைக் காட்டும் தெர்மாகோல் துண்டுகளைச் சத்தமில்லாமல் விலக்கி ஓட்டுவார். அந்தப் பக்கம் வலை இருந்ததே பழனிசாமிக்குத் தெரியாது. ஆனால் விசைப்படகு வரும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் முன்பு அவர் காதில்தான் விழும். இன்ஜினில் எது தேய்ந்திருக்கிறது என்பதுவரை சொல்வார். படகு நெருங்கினால் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, வலக்கையை நீட்டி, முந்திப் போகலாம் என்று லாரிக்காரர் பாணியில் சைகை காட்டுவார். விசைப்படகு ஓட்டுபவர் முதலில் சிரித்தார், பிறகு அவரும் கை தூக்கிப் பதில் சொல்ல ஆரம்பித்தார். கரையில் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இத்தனை காலமா இந்தத் தண்ணியில ஓட்டறேன். எனக்கு வழி உட்டவரு இவரு ஒருத்தருதானுங்க."

ரோடு பிளாக்

எதிர்க்கரைக்குப் போகலாம் என்று பழனிசாமியாகத்தான் ஆரம்பித்தார். சுமதிக்குச் செய்தி போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியிலிருந்து எடுத்த, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். ராஜாமணி கையில் தட்டுவடையும் பூவும் வைத்த பை, தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள். அப்போது பார்த்து துரைராஜின் போன் அடித்தது. மேட்டூரில் தண்ணீர் அதிகம் திறந்துவிட்டார்கள், இன்று யாரும் இறங்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் ஆற்றின் நிறம் மாறியது எங்களுக்கே தெரிந்தது.

யார் சொல்வது என்று நானும் துரைராஜும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான்தான் சொன்னேன். மகள் நம்ப மாட்டாளே என்ற கவலை எனக்கு. ஒருமுறை வராமலிருந்த அப்பா இரண்டாம் முறையும் வரவில்லை என்றால் காரணம் ஆறுதான் என்று எப்படி நம்புவாள்? ராஜாமணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பழனிசாமி சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் ஷெட்டுக்குள் ஆணியில் மாட்டினார். "ரோடு மூடிக் கெடந்தா லோடோட நிக்கறது எனக்கு என்ன புதுசுங்களா?" என்றவர், மனைவி பக்கம் திரும்பினார்: "அவகிட்டச் சொல்லு, வண்டி கெளம்பிருச்சு, வழியில நிக்குதுன்னு."

அக்கரை

தண்ணீர் வடிய மூன்று ஞாயிறு ஆனது. நான்காவது ஞாயிறு காலையில் இரண்டு கயாக்குகளும் கிளம்பின. அவர்கள் ஒன்றில், துணைக்கு நானும் துரைராஜும் இன்னொன்றில். பாதி ஆறு சுகமாகப் போயிற்று. நடுவில் பாலமலைப் பக்கமிருந்து காற்று அடித்தது. துணை என்று போன எங்கள் படகு, எங்களைக் கேட்காமலே கதவணைப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டது. மாமா இடது, மாமா இடது என்று துரைராஜ் பின்னாலிருந்து கத்தினார். நான் எனக்குத் தெரிந்த இடதில் போட்டேன்.

அவர்கள் படகு மட்டும் ஓடுதளத்தில் போவது போலப் போய்க்கொண்டிருந்தது. காற்று தள்ளும் பக்கம் ராஜாமணி ஒரு துடுப்புக்கு இரண்டாகப் போட்டுப் படகை நிமிர்த்திக்கொண்டே வந்தார். முன்னால் பழனிசாமி தாளத்தைக் கொஞ்சமும் மாற்றவில்லை. "போலாம்... போலாம்" என்று அவர் சொல்லும் குரல் காற்றோடு எங்களுக்கும் கேட்டது. அந்தக் குரலை வைத்துத்தான் நாங்களும் எங்கள் படகைச் சரி செய்துகொண்டு போனோம். செய்தி எழுதிய காலத்தில் எத்தனையோ பேரைத் துணிச்சலானவர் என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

கரைப் படியில் சுமதி நின்றிருந்தாள். அப்பா இறங்கக் கை கொடுத்தாள், ஆனால் பேச்சு அம்மாவிடம்தான். "அம்மா, மாடியில இருந்து பாத்துட்டே இருந்தேன். அந்தக் காத்துல நீதான பொறகால இருந்து திருப்பித் திருப்பி ஓட்டிட்டு வந்தே?" என்றாள். ராஜாமணி பையில் எதையோ தேட ஆரம்பித்தார். துரைராஜ் ஆற்றைப் பார்த்தார். நான் லைஃப் ஜாக்கெட் பக்கிளைக் கழற்றினேன். அது ஏற்கெனவே கழன்றிருந்தது. பழனிசாமி எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஓரம் தெரியாத கண் என்பதால் அதற்குக் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. பிறகு மகளிடம் சொன்னார்: "ஆயுசு பூரா வண்டி ஓட்டுனவனுக்கு ஸ்டீயரிங் கையில இல்லைன்னு தெரியாதா சாமி? மொத நாளே தெரியும். சும்மா உக்காந்து வரச் சொன்னாத்தான் எனக்கு ஆகாது. இதுல எனக்கும் வேலை இருக்குது. நான் கிளீனராத்தான் தொழிலுக்கு வந்தேன். நல்ல டிரைவர்கிட்ட கிளீனரா இருக்கறதுல என்ன கொறைச்சல்? வா, உன்ற ஊட்டைக் காட்டு, நான் தொட்டிய மட்டுந்தான் பாத்திருக்கறேன்."

இப்போதெல்லாம் சொந்தக்காரர்களைப் படகில் ஏற்றுவது எனக்குச் சுலபமாகிவிட்டது. அக்கரையில் சுமதி வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களை மறுபடி ஏற்றுவதற்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதவில்லை.