நாகம்மாவின் கட்டுரை

பாகலூரில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தபோது என் மகனுக்கு எட்டு மாதம். வேலை போய்விடுமோ என்ற பயம் எப்போதும் இருந்தது.

பத்தாம் வகுப்பு நாகம்மாவின் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். தமிழில் துண்டு துண்டாக எழுதுவாள். சின்ன வாக்கியங்களை எச்சங்களால் கோத்து, 'ஆகையால்', 'ஆயினும்' என்று இணைத்து, கட்டுரை நடையில் எழுதக் கற்றுக்கொடுத்தேன். கூலிக்குக் களை எடுக்கும்போதும் சொல்லிப் பார்ப்பாளாம்.

அரையாண்டுத் தேர்வில் கேழ்வரகு அறுவடை பற்றி இரண்டு பக்கம் அழகாக எழுதியிருந்தாள். விடைத்தாளைத் திருத்திய தலைமையாசிரியர் பூஜ்யம் போட்டு, எங்கள் இருவரையும் அழைத்தார்.

"கூலிக்காரன் மகளுக்கு ஏது இந்தத் தமிழு? எதைப் பாத்து எழுதின? என் எதிர்ல எழுது. இல்லேன்னா பொதுப் பரிட்சைக்கு அனுப்ப மாட்டேன்."

நாகம்மா என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. அவள் குனிந்து எழுதினாள்: 'கேழ்வரகு அறுத்தோம். கட்டு கட்டினோம். களத்துக்கு வந்தோம்.'

"இதான் உன் எழுத்து" என்று சிரித்தபடி தேர்ச்சி மதிப்பெண் போட்டார்.

வெளியே வந்ததும், "ஏன் இப்படி எழுதின?" என்று கேட்டேன்.

"நல்லா எழுதினா நம்ப மாட்டேங்கிறாரு டீச்சர். பரிட்சைக்கு அனுப்பட்டும். அங்க நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே எழுதிக்கிறேன்."

அந்த மனிதர்மீது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கைக்குழந்தையைக் காரணம் காட்டி என்னை மன்னித்துக்கொள்ளவும் முடியவில்லை. அவளுக்கு நீண்ட வாக்கியங்கள் கற்றுக்கொடுத்த நான், "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்ற சின்ன வாக்கியத்தை அன்று சொல்லவில்லை.