முதலிடம் பிடித்த பாட்டு

அந்த வருடத்தின் சிறந்த ராக் ஆல்பம் எது என்று ஒரு ஞாயிறு மாலை சிற்றலை வானொலியில் அறிவித்தார்கள். எனக்குப் பிடித்ததுதான் வரும் என்று கல்லூரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். காரைக்குடியில் இதையெல்லாம் கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்ற பெருமை வேறு. இரண்டாம் இடத்தைச் சொல்லி முடித்தார்கள், கரண்ட் போய்விட்டது.

மறுநாள் வகுப்புத் தோழன் காதர் பிடித்துக்கொண்டான். “என்னடா, ஒன் காட்டுக்கத்தல் ஜெயிச்சிருச்சா?”

“தெரியலடா, கரண்டு போயிருச்சு.”

“அப்ப எங்க அம்மாட்ட கேளு. அத்தா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்த டிரான்சிஸ்டரு பேட்டரியிலதானே ஓடுது. அடுப்படியில எந்நேரமும் கத்திக்கிட்டே கெடக்கும்.”

கேலி செய்கிறான் என்று தெரிந்தும் ஆசை விடவில்லை, போனேன். அவன் அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“பேரெல்லாம் எனக்கெங்க தம்பி வெளங்குது? கடைசியா ஒரு பாட்டு போட்டாக, நல்லாருந்துச்சு” என்றவர், புடைத்தபடியே மெட்டை முனகினார். நடுவில் அரிசிக்கு வந்த கோழியை, “சூ, அங்குட்டுப் போ!” என்று விரட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அது என் ஆல்பம் இல்லை. நான் கேட்டே இராத மெட்டு. தோற்றது உறைக்கவே இல்லை. என்னைப் போல இன்னொருவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்திருக்கிறார்! “இன்னொரு தடவை, அம்மா” என்றேன். காதர் வாயைப் பிளந்து நின்றான்.

சென்ற மாதம் மதுரையில் ஒரு நண்பனின் அறையில் அந்த இசைத்தட்டு சுழன்றது. முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கிடாரும் டிரம்ஸும் அபாரம். ஆனாலும் பாட்டின் நடுவே ஓர் இடத்தில் என் காது காத்திருந்தது. அங்கே யாரும் கோழியை விரட்டவில்லை.